காயிலுக்குப் போகும் சிக்னலைத் தலைகீழாக்க எந்த வழி நல்லது?

பழைய பெட்ரோல் ஜீப்பில் பாயிண்ட்டையும் (காயிலின் மின்னோட்டத்தைச் சேர்த்துப் பிரிக்கும் தொடுமுனை) கண்டென்சரையும் கழற்றிவிட்டு மின்னணு இக்னிஷன் பெட்டி பொருத்தியவர்கள், அடுத்ததாகப் பொறிக்கான உயர் வோல்ட்டேஜைத் தரும் காயிலையும் மாற்ற விரும்புகிறார்கள். உருளை வடிவப் பழைய காயிலின் இடத்தில் இப்போதைய கார்களில் வரும் நான்கு கம்பிக் காயிலைப் போட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆசை நியாயமானது. கோத்தகிரியிலும் ஊட்டியிலும் மார்கழிக் காலையில் பேட்டரி சோர்ந்து, எண்ணெய் கெட்டியாகி, ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டே சுற்றும் நேரத்தில் வலுவான பொறி கிடைத்தால் அது பெரிய உதவி.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்தப் பெட்டியின் வழக்கமும் இந்தக் காயிலின் வழக்கமும் நேர் எதிரானவை. பெட்டி தன் வயரை எர்த்துக்கு இழுத்தால் 'காயிலை சார்ஜ் செய்' என்று பொருள். விட்டுவிட்டால் 'பொறி விடு'. நான்கு கம்பிக் காயிலுக்குள்ளேயே பவர் டிரான்சிஸ்டர் இருக்கிறது. அதன் சிக்னல் கம்பியில் 5 வோல்ட் வந்தால் சார்ஜ் ஆகும், 0 வோல்ட்டுக்கு இறங்கிய நொடியில் பொறி விடும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் சிக்னலைத் தலைகீழாக்கும் சிறு சுற்று ஒன்று தேவைப்படுகிறது.

அதைச் செய்யப் பல வழிகள் உண்டு. எதுவும் பணத்தைக் கடிக்காது. எல்லாமே கோயம்புத்தூர் மின்னணுக் கடைகளில் கிடைக்கும் பொருள்கள்தான். எல்லா வழியிலும் சிக்னல் ஒழுங்காகத் தலைகீழாகும். அதனால் 'எது சரியாக வேலை செய்யும்' என்று கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: வயர் அறுந்தால், பற்று (சால்டர் இணைப்பு) விட்டுப்போனால், சாவி ஆன் நிலையில் எஞ்சின் நின்றிருந்தால், அப்போது காயில் சார்ஜ் ஆகிறதா, சும்மா இருக்கிறதா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வழிகள் கழிந்துவிடும்.

எர்த்துக்கு இழுத்தால் சார்ஜ் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது

சார்லஸ் கெட்டரிங் 1910-களின் தொடக்கத்தில் காடிலாக் கார்களுக்காக உருவாக்கிய பேட்டரி இக்னிஷன்தான் நம் ஜீப்புகள் வரை வந்தது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் மைனஸ் எர்த்தோடு சேர்கிறது. முதல்நிலைச் சுருளில் மின்னோட்டம் ஏறுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியைப் பங்கிடும் பாகம்) சுற்றும் கேம் பாயிண்ட்டைத் திறந்ததும் மின்னோட்டம் அறுபட்டு, காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுகிறது. சார்ஜ் ஆகத் தொடங்கும் நேரத்தில் பொறி வராது. சார்ஜ் முடியும் நேரத்தில்தான் வரும். பாயிண்ட்டுக்குப் பதிலாக வந்த பெட்டிகளும் இதே வழக்கத்தைத் தொடர்ந்தன.

பாயிண்ட் இன்னும் இருக்கும் வண்டியில் நேரடியாகப் பாயிண்ட் சிக்னலைத் தலைகீழாக்கி நான்கு கம்பிக் காயிலுக்குக் கொடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடாது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் 90 பாகை சுற்றும் இடைவெளிக்கு ஒரு பொறி; அதில் ஏறத்தாழ பாதி நேரம் பாயிண்ட் மூடியிருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஐடிலில் ஓடினால் அந்தப் பாதி 25 மில்லி நொடி. பழைய காயிலின் சுருளுக்கு 3 ஓம் தடை இருக்கும். எவ்வளவு நேரம் மூடினாலும் 4.5 ஆம்பியருக்கு மேல் போகாது. புதுக் காயிலின் தடை அரை ஓமை ஒட்டியது. அதற்குத் தேவை 3 மில்லி நொடி அளவுதான்.

கணக்குக்காக 0.6 ஓம் தடையும் 4 மில்லி ஹென்றி தூண்டலும் உள்ள ஒரு காயிலை எடுத்துக்கொள்வோம். 13.5 வோல்ட்டில் 3 மில்லி நொடியில் சுமார் 8 ஆம்பியர் ஏறும். அது போதும். 25 மில்லி நொடி விட்டால் 22 ஆம்பியர். அவ்வளவு மின்னோட்டம் தொடர்ந்து போனால் சுருளுக்குள் எழும் வெப்பம் 290 வாட் அளவு. சில காயில்களுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. எனவே சார்ஜ் நேரத்தைக் கணக்கிடும் பெட்டியோ மைக்ரோகண்ட்ரோலரோ இல்லாமல் இந்தக் காயிலைத் தொடவே வேண்டாம். இனி வரும் ஒப்பீடு முழுவதும், அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்ற அடிப்படையில்தான்.

தலைகீழாக்காமல் இணைத்தால்

இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். "ஸ்டார்ட் ஆகிறதே அண்ணா, பிறகென்ன?" என்று மெக்கானிக் தம்பிகள் கேட்பது இதனால்தான்.

சிக்னல் கம்பிக்கு ஒரு ரெசிஸ்டரால் 5 வோல்ட் கொடுத்துப் பெட்டியின் வயரை நேரடியாக இணைத்துவிட்டால், பெட்டி 'சார்ஜ் செய்' என்று கீழே இழுக்கும் நொடியில் காயில் பொறி விடும். அதாவது, பொறி வர வேண்டிய நேரத்துக்கு 3 மில்லி நொடி முன்னதாகவே வந்துவிடும். ஸ்டார்ட்டர் நிமிடத்துக்கு 200 சுற்றில் எஞ்சினைச் சுழற்றும்போது 3 மில்லி நொடி என்பது கிராங்க் கணக்கில் 3.6 பாகைதான். எஞ்சின் எடுத்துவிடும். 700 சுற்று ஐடிலில் அது 12.6 பாகை; கொஞ்சம் முரட்டுத்தனமாக ஓடும், ஆனாலும் ஓடும். 3,000 சுற்றில் அது 54 பாகை.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் சாலையை நினைத்துப் பாருங்கள். சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து 1,800 மீட்டர் வரை முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் ஏற வேண்டும். இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டர் பாதிக்கு மேல் அழுந்திய நிலையில், 54 பாகை முந்திய பொறி என்றால் பிஸ்டன் மேலே வரும்போதே எரிந்து விரியும் வாயு அதைக் கீழே தள்ளப் பார்க்கும். எஞ்சின் தட்டும் சத்தம் வரும். வண்டி இழுக்காது, ரேடியேட்டர் கொதிக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளும் சங்கடம்: கிராங்கில் 54 பாகை என்றால் ரோட்டரில் 27 பாகை. ரோட்டர் முனை போக வேண்டிய இடத்துக்கு வருவதற்கு முன்பே பொறி பாய வேண்டியிருப்பதால், மூடியின் உட்சுவரைப் பொசுக்கிக்கொண்டு போகும். காயிலோ பொறிகளுக்கு நடுவில் கிட்டத்தட்ட முழு நேரமும் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். ஐடிலில் விட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் கை வைக்க முடியாத சூடு.

ஸ்டார்ட் ஆவது இணைப்பு சரி என்பதற்கு ஆதாரமாகாது. பொறி பாயும் நொடியில் மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு கொண்டு டைமிங் பார்த்தால் மட்டுமே தெரியும்.

மென்பொருளிலேயே மாற்றுவது

உங்களிடம் இருப்பது அமைப்புகளை மாற்றக்கூடிய ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) அல்லது நீங்களே நிரல் எழுதிய மைக்ரோகண்ட்ரோலர் என்றால், இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்கத் தேவையில்லை. பொறி வெளியீட்டின் திசையை அமைப்பில் மாற்றுங்கள். சில்லின் வெளியீட்டுப் பின்னிலிருந்து (இணைப்புக் கால்) காயிலின் சிக்னல் கம்பிக்கு நேராக இணையுங்கள். அந்தக் கம்பியிலிருந்து எர்த்துக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள்.

அந்த 1 கிலோ ஓமை விட்டுவிடக் கூடாது. ஆர்டுவினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா 328 போன்ற சில்லுகளில் மின்சாரம் வந்தவுடன் எல்லாப் பின்களும் உள்ளீடாக, எங்கும் பிடிப்பில்லாமல் இருக்கும். பூட்லோடர் என்ற தொடக்க நிரல் முடிந்து உங்கள் நிரல் ஓடத் தொடங்கும் வரை அதே நிலைதான். அந்த நேரத்தில் கம்பியை 0 வோல்ட்டில் பிடித்து வைத்திருப்பது அந்த ரெசிஸ்டர் ஒன்றுதான்.

இதே மைக்ரோகண்ட்ரோலருக்குப் பின்னால் சிலர் ஒரு என்.பி.என். டிரான்சிஸ்டரை (பேஸ் முனையில் வோல்ட்டேஜ் ஏறினால் விழிக்கும் வகை) போட்டுத் தலைகீழாக்குகிறார்கள். அது நல்ல வழியைக் கெடுப்பது. சில்லின் பின் பிடிப்பில்லாமல் இருக்கும் நேரமெல்லாம் டிரான்சிஸ்டர் ஓய்ந்திருக்கும். வெளியீடு 5 வோல்ட்டுக்கு ஏறும். காயில் சார்ஜ் ஆகும். பிறகு நிரல் விழித்து அதைக் கீழே இறக்கியதும் பிஸ்டன் எங்கே இருந்தாலும் ஒரு பொறி பாயும். குளிர்காலையில் ஸ்டார்ட்டர் இழுக்கும் இழுப்பில் வோல்ட்டேஜ் விழுந்து சில்லு திரும்பத் திரும்ப ரீசெட் ஆனால், ஒவ்வொரு முறையும் இதே கதை. ஸ்டார்ட்டர் பின்னோக்கி உதைபட்டுப் பல்சக்கரம் உடைவது வரை போகலாம்.

ஒரே ஒரு என்.பி.என். டிரான்சிஸ்டர்

மூடிய பெட்டி, உள்ளே எதையும் மாற்ற முடியாது என்றால்தான் தனிச் சுற்று தேவை. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பி.சி. 547 அல்லது 2என் 2222. பேஸுக்கு ஒரு ரெசிஸ்டர், கலெக்டரிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு ரெசிஸ்டர், எமிட்டர் எர்த்தில். பாடப்புத்தகத்தில் வரும் சுற்று இதுதான்.

வேகத்தில் குறையில்லை. டிரான்சிஸ்டர் மாறிக்கொள்ள ஆகும் ஓரிரு மைக்ரோ நொடியை 3,000 சுற்றில் பாகையாக மாற்றினால் நூற்றில் சில பங்குதான் வரும். குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலாவது, பெட்டியின் உள்ளே இருக்கும் பவர் டிரான்சிஸ்டர் கீழே இழுத்தாலும் வயர் 0 வோல்ட்டுக்கு வராது. டார்லிங்டன் வகையாகவோ ஐ.ஜி.பி.டி. வகையாகவோ இருந்தால் 1 முதல் 2 வோல்ட் வரை மிஞ்சும். என்.பி.என். டிரான்சிஸ்டரின் பேஸுக்கு 0.6 வோல்ட் போதும். மிஞ்சிய அந்த 1.5 வோல்ட்டிலேயே அது விழித்துக்கொண்டிருக்கும். காயில் ஒருபோதும் சார்ஜ் ஆகாது, பொறியே வராது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் இன்னொரு ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டேஜைப் பங்கிட்டால் இது தீரும். 10 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் ஜோடி 1.5 வோல்ட்டை 0.5-க்குக் கீழே கொண்டுவந்துவிடும்.

இரண்டாவது குறை தீராதது. இந்தச் சுற்றில் காயில் சும்மா இருக்க வேண்டுமானால் டிரான்சிஸ்டர் இடைவிடாமல் வேலை செய்து கம்பியைக் கீழே பிடித்திருக்க வேண்டும். பேஸ் பற்று விட்டாலும் காயில் சார்ஜ் ஆகும். கலெக்டர் பற்று விட்டாலும் ஆகும், எமிட்டர் எர்த் துருப்பிடித்தாலும் ஆகும். மலைச் சாலையில் ஜீப்பின் குலுக்கலும் ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் நிற்கும் ஈரமும் சேர்ந்து தாக்கும் இடத்தில், எந்தப் பற்று விட்டாலும் காயில் வெந்துபோகும் சுற்றை நான் பொருத்த மாட்டேன்.

2என் 7000 போன்ற சிறு மாஸ்ஃபெட்டுக்கும் இதே தீர்ப்புதான். அதன் கேட் எந்த மின்னோட்டமும் கேட்காது என்பது மேசையில் நல்ல குணம். பனி படியும் பலகையில் அதுவே கெட்ட குணம். கேட் திறக்கும் வோல்ட்டேஜ் துண்டுக்குத் துண்டு 0.8 முதல் 3 வரை மாறுவதால், பெட்டி மிச்சம் விடும் 1.5 வோல்ட்டில் அது பாதி திறந்த நிலையில் நிற்கவும் கூடும்.

ஐ.சி. வழிகள்

74 எச்.சி. 14 என்ற ஆறு இன்வெர்ட்டர் கொண்ட ஷ்மிட் சில்லு சிக்னலை அழகாகச் செதுக்கித் தரும். ஏறும்போது ஒரு எல்லையிலும் இறங்கும்போது அதற்குக் கீழான வேறொரு எல்லையிலும் மாறுவதால் இடையில் வரும் நடுக்கத்தைக் கண்டுகொள்ளாது. ஆனால் 5 வோல்ட்டில் அதன் கீழ் எல்லையும் ஒன்றரை வோல்ட்டை ஒட்டித்தான் இருக்கிறது. பெட்டி மிச்சம் விடும் வோல்ட்டேஜும் அதே அளவு. விளிம்பில் நின்று வேலை செய்யும் சுற்று மேசையில் ஓடும். எஞ்சின் சூடேறியதும் தவறும். காந்தத்தை உணரும் ஹால் சென்சார் மாதிரி சுத்தமாக 0.4 வோல்ட்டுக்கு இறங்கும் மூலத்துக்கு இந்தச் சில்லு மிக நல்லது. பயன்படுத்தாத உள்ளீடுகளை எல்லாம் எர்த்தில் கட்டிவிட வேண்டும். காயிலின் சிக்னல் கம்பி சில மில்லி ஆம்பியர் கேட்கும் என்பதால் இரண்டு மூன்று இன்வெர்ட்டர்களை இணையாக்கிக்கொள்வது நல்லது.

555-ஐயும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லார் டப்பாவிலும் அது இருக்கும். 2, 6 எண் பின்களைச் சேர்த்துவிட்டால் அது தலைகீழாக்கும் ஷ்மிட் ஆகிவிடும். 12 வோல்ட்டில் ஓட்டினால் 4 வோல்ட்டுக்குக் கீழே ஒரு நிலை, 8-க்கு மேலே மறு நிலை. இரைச்சல் அவ்வளவு எளிதில் அதை ஏமாற்ற முடியாது, பெட்டியின் 1.5 வோல்ட் மிச்சம் ஒரு பொருட்டே இல்லை. அந்த வகையில் 74 எச்.சி. 14-ஐவிட இது நம் வேலைக்குத் தோதானது. வெளியீடு பத்து வோல்ட்டுக்கு மேல் வரும் என்பதால் ரெசிஸ்டரும் 5.1 வோல்ட் ஜெனர் டயோடும் போட்டுக் குறைக்க வேண்டும். உள்ளீட்டை 12 வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர் பலகையிலேயே இருந்தால், பெட்டியின் வயர் அறுந்தாலும் வெளியீடு கீழேதான் நிற்கும். அந்த ரெசிஸ்டரின் பற்று விட்டால் மட்டும் உறுதி சொல்ல முடியாது.

டி.சி. 4426 போன்ற தலைகீழாக்கும் கேட் டிரைவர்கள் ஒன்றரை ஆம்பியர் வரை தரும். நான்கு கம்பிக் காயிலுக்கு அது தேவையில்லை. தனி ஐ.ஜி.பி.டி.யும் இரண்டு கம்பிக் காயிலும் வைத்து நீங்களே பவர் நிலை கட்டுவதாக இருந்தால் அப்போது பாருங்கள்.

ஓப்டோகப்ளர்

உள்ளிருக்கும் எல்.ஈ.டி.யின் ஒளியால் ஒரு டிரான்சிஸ்டரை இயக்கும் சில்லு இது. நம்பகத்தில் இதற்கு இரண்டாம் இடம் கொடுப்பேன். சில வண்டிகளில் முதலிடமே கொடுக்கலாம். 12 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக உள்ளிருக்கும் எல்.ஈ.டி.க்கு மின்சாரம், எல்.ஈ.டி.யின் மறுமுனை பெட்டியின் வயரில். பெட்டி கீழே இழுத்தால் எல்.ஈ.டி. எரியும். மறுபக்கத்தில் கலெக்டரை 5 வோல்ட்டில் வைத்து, எமிட்டரைக் காயிலின் சிக்னல் கம்பிக்குக் கொடுத்து, அங்கிருந்து எர்த்துக்கு 1 கிலோ ஓம் போட்டால், எல்.ஈ.டி. எரியும்போது மட்டும் காயில் சார்ஜ் ஆகும். வயர் அறுந்தால் எல்.ஈ.டி. அணையும், காயில் சும்மா இருக்கும். எந்தப் பற்று விட்டாலும் அப்படியே. பெட்டி மிச்சம் விடும் 1.5 வோல்ட்டும் 12 வோல்ட்டுக்கு முன்னால் தொல்லை தராது.

பார்க்க வேண்டியது பொறி விடும் விளிம்பு எது என்பதை. இந்த இணைப்பில் எல்.ஈ.டி. அணையும்போது பொறி. ஓப்டோகப்ளர்கள் எரிவதைவிட அணைவதில் மெதுவானவை. பி.சி. 817 போன்ற சாதாரண வகையில், சுமை ரெசிஸ்டர் பெரிதாக இருந்தால் 100 மைக்ரோ நொடியை எட்டலாம். 3,000 சுற்றில் அது 1.8 பாகை தாமதம். 1 கிலோ ஓமோ அதற்குக் குறைவாகவோ வைத்தால் அது வெகுவாகக் குறைந்து, டைமிங் அமைக்கும்போது சரிக்கட்டிவிடக்கூடிய அளவுக்கு வந்துவிடும்.

சிலர் வேகமான விளிம்புக்காக இதைத் திருப்பி, எல்.ஈ.டி. எரிந்தால் பொறி என்று வைக்கிறார்கள். எல்.ஈ.டி.க்கு மின்சாரம் போகாவிட்டால் காயில் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. ஒரு பாகைத் துல்லியத்துக்காகக் காயிலையே பணயம் வைக்கக் கூடாது.

பழைய ஜீப்பில் பாடியும் எஞ்சினும் தனித்தனி எர்த், நடுவில் தேய்ந்த பட்டை ஒன்று என்ற நிலை இருந்தால், இரண்டு பக்கத்தையும் மின்சாரத் தொடர்பின்றிப் பிரிக்கும் ஓப்டோகப்ளரையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

பி.என்.பி. டிரான்சிஸ்டர்

மற்ற எல்லா ஜீப்புக்கும் என் தேர்வு இதுதான். ஒரே ஒரு பி.சி. 557. என்.பி.என்.னுக்கு நேர் எதிராக, பேஸைக் கீழே இழுத்தால் விழிக்கும் வகை இது. என்.பி.என். சுற்றை எவ்வளவு பேர் வரைகிறார்களோ, அதில் பாதிப் பேர்கூட இதை நினைப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எமிட்டர் 5 வோல்ட்டில். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் 1 கிலோ ஓம். பேஸிலிருந்து 1.5 கிலோ ஓம், அதன்பின் ஒரு 1என் 4148 டயோடு, டயோடின் கோடு போட்ட முனை பெட்டியின் வயரை நோக்கி. கலெக்டரிலிருந்து எர்த்துக்கு 1 கிலோ ஓம். கலெக்டரிலிருந்தே 100 ஓம் வழியாகக் காயிலின் சிக்னல் கம்பிக்கு. சுற்று முடிந்தது.

பெட்டி கீழே இழுத்தால் டிரான்சிஸ்டர் விழித்து 5 வோல்ட்டை அப்படியே காயிலுக்குக் கொடுக்கிறது. ரெசிஸ்டர் வழியாக அரைகுறையாக ஏறும் வோல்ட்டேஜ் இல்லை இது. காயில் 10 மில்லி ஆம்பியர் கேட்டாலும் தாங்கும். பெட்டி 1.5 அல்லது 2 வோல்ட் மிச்சம் விட்டாலும் பேஸுக்குத் தேவையான மின்னோட்டம் கிடைக்கிறது. பெட்டி விட்டுவிட்டால், வயர் அறுந்தால், பேஸ் பற்று விட்டால், கலெக்டர் பற்று விட்டால், 5 வோல்ட் ரெகுலேட்டர் செத்தால், எல்லாவற்றிலும் விளைவு ஒன்றுதான்: காயில் சும்மா இருக்கிறது, வண்டி நிற்கிறது. கோடநாடு காட்சிமுனையில் வண்டியை நிறுத்திச் சாவியை ஆனில் விட்டுப் பாட்டுக் கேட்பவர்கள் காயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

டயோடு எதற்கு என்றால், சில பெட்டிகள் ஓய்வில் வயரைத் தாங்களே 12 வோல்ட்டுக்கு இழுக்கும். அந்த வோல்ட்டேஜ் பேஸுக்குள் பின்னோக்கி வரக் கூடாது. டயோடு அதை நிறுத்துகிறது. 100 ஓம் எதற்கு என்றால், காயிலுக்குப் போகும் கம்பி பாடியில் உரசி எர்த் ஆனாலும் டிரான்சிஸ்டர் பிழைப்பதற்கு.

பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் பலரும் 10 கிலோ ஓம் போடுவார்கள். சமவெளியில் அது போதும். நம் ஊரில் 1 கிலோ ஓம்தான் வேண்டும், காரணம் ஈரம். மழைநீரும் தூசும் சேர்ந்த படலம் பெட்டியின் வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டராகவே மாறும். 10 கிலோ ஓம் வைத்த சுற்றில் அந்தப் படலம் 60 கிலோ ஓம் அளவுக்கு இறங்கினாலே டிரான்சிஸ்டர் கண் விழிக்கத் தொடங்கும். 1 கிலோ ஓம் வைத்தால் 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கினால்தான் விழிக்கும். இதே கணக்கை நீங்கள் தேர்ந்தெடுக்கும் எந்தச் சுற்றுக்கும் போட்டுப் பாருங்கள்.

எதையும் மாற்றாமல் விடுவது

பெட்டியோடு வந்த பழைய காயில் நன்றாக இருந்து, வண்டி ஊருக்குள் மட்டும் ஓடுவதாக இருந்தால், காயிலை மாற்றாமல் விடுவதும் நல்ல முடிவே. 1,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் பொறி பாயத் தேவையான வோல்ட்டேஜும் அதற்கேற்பக் குறைகிறது. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் வெளிப்புறத்தில் ஈரத்தின் மேல் பொறி கசிவதும் அதே காரணத்தால் எளிதாகிறது. பனிமூட்டத்தில் மட்டும் முரண்டு பிடிக்கும் ஜீப்புக்கு முதலில் மூடி, ரோட்டர், உயர்மின் வயர்களை மாற்றுங்கள். வலுவான காயிலைப் போட்டால் கசிவும் வலுவாகும்.

எங்கே வைப்பது, எப்படி எர்த் கொடுப்பது

தலைகீழாக்கும் சுற்றைக் காயிலுக்குப் பக்கத்தில் வைப்பதா, பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பதா? பெட்டிக்குப் பக்கத்தில்தான். பெட்டியிலிருந்து வரும் வயர் எர்த்தில் உரசினால் காயில் சார்ஜ் ஆகும். அதை ஒரு சாணுக்கு மேல் விடக்கூடாது. சுற்றிலிருந்து காயிலுக்குப் போகும் நீண்ட கம்பி எர்த்தில் உரசினால் காயில் சும்மா இருக்கும்.

நாம் பேசும் வகை நான்கு கம்பிக் காயிலில் சிக்னலுக்கென்று தனி எர்த் ஒன்றும், 8 ஆம்பியர் போகும் பவர் எர்த் ஒன்றும் இருக்கும். சிக்னல் கம்பியையும் சிக்னல் எர்த்தையும் ஒன்றோடொன்று முறுக்கி, சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். பவர் எர்த் எஞ்சின் பிளாக்குக்கு நேராகப் போகட்டும். இரண்டையும் காயில் அருகிலேயே முடிச்சுப் போட்டால், சார்ஜ் ஏறும்போதெல்லாம் எர்த்தே ஆடும். சிக்னல் மாறாமலேயே மாறியதாகக் காயில் நினைக்கும்.

இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று பெரிய கண்டென்சர் போடாதீர்கள். 10 கிலோ ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரடும் சேர்ந்தால் 1 மில்லி நொடி. 3,000 சுற்றில் 18 பாகை பறிபோகும். 1 நானோ ஃபாரட் போதும்.

5 வோல்ட்டுக்கு 7805-ஐவிட எல்.எம். 2940 நல்லது. 7805-க்கு ஏறத்தாழ 7 வோல்ட் உள்ளே வந்தால்தான் 5 வெளியே வரும். உறைபனிக் காலையில் ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி அந்த எல்லைக்கு அருகே வந்துவிடலாம். எல்.எம். 2940 கார்களுக்காகவே செய்யப்பட்டது. ஆறு வோல்ட் அளவிலும் தாக்குப்பிடிக்கும், பேட்டரி தலைகீழாக இணைக்கப்பட்டாலும் பிழைக்கும். வெளியீட்டில் 22 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் கட்டாயம்.

பேட்டரி 9 வோல்ட்டுக்கு இறங்கினால் நம் கணக்குக் காயிலில் அதே 3 மில்லி நொடியில் 5.4 ஆம்பியர்தான் ஏறும். பொறியின் ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடும். வோல்ட்டேஜுக்கு ஏற்பச் சார்ஜ் நேரத்தை நீட்டும் அமைப்பு உங்கள் பெட்டியில் இருந்தால் அதைக் கட்டாயம் இயக்குங்கள்.

பலகை முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஃபிளக்ஸைக் (சால்டர் வைக்கும்போது படியும் பிசின்) கழுவி, காயவைத்து, இரண்டு பக்கமும் காப்பு வார்னிஷ் பூசுங்கள்.

வண்டியில் மாட்டுவதற்கு முன்

காயிலை இணைக்காமல், சிக்னல் கம்பியில் மல்டிமீட்டரை வைத்துச் சாவியைப் போடுங்கள். 0 வோல்ட் காட்ட வேண்டும். பெட்டியின் வயரைப் பிடுங்குங்கள், அப்போதும் 0. பலகையில் அந்த வயர் வந்து சேரும் முனையை எர்த்தில் தொடுங்கள். 5-ஐ ஒட்டி வர வேண்டும். பலகைக்கான 12 வோல்ட்டைத் துண்டித்துவிட்டுப் பாருங்கள், மீண்டும் 0. இதில் ஒன்று தவறினாலும் காயிலை இணைக்கக் கூடாது.

பிறகு பலகையில் சிறு குழாயால் தண்ணீர் தெளித்து, மீட்டரைப் பார்த்தபடியே பத்து நிமிடம் விடுங்கள். வார்னிஷ் சரியாக இருந்தால் முள் அசையாது.

காயிலை இணைத்து எஞ்சின் ஓடியதும் ஸ்ட்ரோப் விளக்கைப் பிடியுங்கள். பெட்டியில் அட்வான்ஸை (பொறி முந்தும் அளவை) ஒரே பாகையில் நிறுத்திவைக்கும் வசதி இருந்தால் அதை இயக்கி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைகளால் இயங்கும் பழைய அட்வான்ஸ் இன்னும் இருந்தால் அதையும் பூட்டிவிட்டு, ஐடிலிலிருந்து 2,500 சுற்று வரை மெதுவாக ஏற்றுங்கள். குறி ஓரிரு பாகைக்குள் நின்றால் திசை சரி. சுற்று ஏற ஏறக் குறி முன்னோக்கி ஓடிக்கொண்டே இருந்தால், பொறி சார்ஜின் தொடக்கத்தில் வருகிறது என்று பொருள். உடனே அணைத்துவிட்டு இணைப்பைத் திரும்பப் பாருங்கள்.